கணக்கில் வராத த்ரோக்கள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று புரியும். செவ்வாய்க்கிழமை விக்கெட் கீப்பராக நின்ற பையன் வெள்ளிக்கிழமை பேடைக் கழற்றி வைத்துவிட்டு முதல் ஓவர் போட வருகிறான், அதுவும் அணியிலேயே வேகமாகப் போடுபவன் அவன்தான். அமெரிக்க ஹைஸ்கூல் பேஸ்பாலில் இது அபூர்வம் எல்லாம் இல்லை. எந்தப் பையனுக்குக் கை பலமோ அவனையே பந்து எறியும் பிட்சராகவும் போடுவார்கள், பேட்ஸ்மேனுக்குப் பின்னால் அதைப் பிடிக்கும் கேட்சராகவும் உட்கார வைப்பார்கள். பயிற்சியாளருக்கு ஜெயிக்க வேண்டும், அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் ஸ்கவுட் இல்லை, அதாவது அணிக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்ப்பவன் இல்லை. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் ஒரு அணிக்கு ஸ்கவுட்டாக இருக்கும் நண்பருக்காக, அவரால் வர முடியாத ஆட்டங்களுக்குப் போய்க் குறிப்பெடுத்துக் கொடுப்பவன். இந்த வேலைக்கு இங்கே ‘பேர்ட் டாக்’ என்று பெயர், அதாவது வேட்டைக்காரனுக்கு முன்னால் ஓடி மோப்பம் பிடிக்கும் நாய். பெயரிலேயே மரியாதை தெரிகிறது பாருங்கள். காசு கிடையாது, வெயில் உண்டு.

இந்த வசந்தத்தில் அவர் பார்க்கச் சொன்ன பையனுக்குப் பதினேழு வயது. பெயர், பள்ளி எதுவும் சொல்லப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை போனபோது கேட்சராக உட்கார்ந்திருந்தான். கேட்சரைப் பார்க்கப் போனால் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்க வேண்டும். பந்து அவன் கிளவுஸில் விழும் சத்தம் கேட்டதும் அழுத்த வேண்டும், செகண்ட் பேஸில், அதாவது ஓடுகிறவன் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் இரண்டாவதில், நிற்பவன் பிடித்ததும் நிறுத்த வேண்டும். இதுதான் பாப் டைம். தூரம் ஏறக்குறைய 127 அடி. மேஜர் லீக்கில் சராசரியே சுமார் 2 விநாடி, அதனால் ஹைஸ்கூல் பையன் யாராவது 2-க்குக் கீழே வந்தால் ஒருமுறை வாட்ச்சை உதறிப் பார்த்துக்கொள்வேன். இவன் முதல் முறை 1.97, அடுத்த முறை 1.96. இரண்டாவது த்ரோவின்போது நான் அவன் கையைக்கூடப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். பந்து வந்து சேரும் முன்பே வலது கால் உள்ளே நகர்ந்துவிட்டது. கிளவுஸிலிருந்து பந்தை எடுத்த கை காதுக்குப் பக்கத்தில் ஒரு கணம்தான் இருந்தது, அப்புறம் பந்து அங்கே இல்லை.

இந்த விநாடிக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பிட்சர் அசைய ஆரம்பித்துப் பந்து கேட்சரிடம் வந்து சேர 1.3 விநாடி, அங்கிருந்து செகண்ட் பேஸுக்கு 2 விநாடி, மொத்தம் 3.3. பிட்சர் பந்து போடும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பதைத் திருடுவது என்பார்கள். அப்படித் திருட ஓடுகிறவனுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் பிடிக்கும். ஆகவே பத்தில் ஒரு பங்கு விநாடியில் அவுட்டா இல்லையா என்பது மாறிவிடும்.

வெள்ளிக்கிழமை அவன் பிட்சர். அன்றைக்கு வலைக்குப் பின்னால் நாலைந்து பேர் வேகம் அளக்கும் ரேடார் கன்னோடு நின்றார்கள். செவ்வாய்க்கிழமை என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை! முதல் இன்னிங்ஸில் மணிக்கு 89, 90, ஒரு பந்து 91 மைல். கன்னைப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஆள் தலையாட்டிக்கொண்டார்கள். எனக்கு என்னவோ வேகத்தைவிட அவன் கை போகும் விதம்தான் கண்ணில் பட்டது. பிட்சர்கள் கையைப் பின்னால் நீட்டி, சுற்றிக் கொண்டுவருவார்கள். இவனோ பிட்சர் நிற்கும் மேட்டில் ஏறி நின்றும் கேட்சர் மாதிரியே காதருகிலிருந்து எறிகிறான். பேட்ஸ்மேனுக்குப் பந்து தாமதமாகத்தான் தெரியும், அது லாபம். ஆனால் வளைந்து இறங்கும் கர்வ்பால் போடும்போது கை மெதுவாகிவிடுகிறது, ஐந்தாவது இன்னிங்ஸில் எதிரணி அதைக் கண்டுபிடித்துவிட்டது. அதற்குள் வேகப்பந்தான ஃபாஸ்ட்பாலும் 86-க்கு இறங்கியிருந்தது. மொத்தம் 84 பந்து.

இந்த 84-ல்தான் எனக்கு வயிறு எரிந்தது.

2017 முதல் ஹைஸ்கூல் ஆட்டங்களில் ஒவ்வொரு மாநிலமும் பிட்சர் போடும் பந்துக்கு வரம்பு வைத்திருக்க வேண்டும் என்பது தேசிய விதி. மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில் 17, 18 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 105 பந்து, 80-ஐத் தாண்டினால் 4 நாள் ஓய்வு. நல்ல விஷயம்தான். ஆனால் எண்ணுவது ஆட்டத்தில் பேட்ஸ்மேனுக்குப் போட்ட பந்தை மட்டும். செவ்வாய்க்கிழமை நோட்டில் கோடு போட்டு நான் எண்ணினேன். பிட்சருக்குத் திருப்பி எறிந்தது 91, இன்னிங்ஸ் தொடங்கும்போது செகண்ட் பேஸுக்கு 7, ஃபர்ஸ்ட் பேஸுக்கு 3, திருடனைப் பிடிக்க 2. ஆக 103. திருப்பி எறிவது மெதுவான த்ரோதான், பிட்சோடு அதைச் சமமாக வைக்க முடியாது. இருந்தாலும் தோள் அதே தோள்தானே! வெள்ளிக்கிழமை 84-க்கு முன்னால் வார்ம்-அப்பில் போட்டதையும், இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் போட்ட பயிற்சிப் பந்துகளையும் சேர்த்தால் அது எங்கேயோ போகும்.

பிட்ச் ஸ்மார்ட்டே, பிட்சர் பிட்ச் போடாத வேளையில் கேட்சராக நிற்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. லிட்டில் லீகில் பொடிப் பையன்களுக்கே 41 பந்து போட்டவன் அன்றைக்கு மேற்கொண்டு கேட்சராக நிற்கக் கூடாது என்று விதி உண்டு. இங்கே வெள்ளிக்கிழமை 84 போட்டவன் சனிக்கிழமை மதியம் முழங்கால் கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாட்ச்சை எடுத்தேன். 2.11. தவறாக அழுத்திவிட்டேனோ என்று அடுத்ததையும் பார்த்தேன், 2.12. செவ்வாய்க்கிழமையிலிருந்து 0.15 விநாடி கூடுதல். ஓடுகிறவனுக்கு அது ஏறக்குறைய நான்கு அடி. அன்று இரண்டு பேர் திருடினார்கள், இரண்டு பேரும் சறுக்கி விழத் தேவையில்லாமல் நின்றபடியே பேஸுக்குள் போனார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அப்பா, “என்ன ஆச்சு இவனுக்கு, நேற்று நல்லாத்தானே இருந்தான்?” என்றார்.

சரி, இவனைப் பிட்சர் என்று எழுதுவதா, கேட்சர் என்று எழுதுவதா? பழைய உதாரணங்களைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது. கென்லி ஜான்சன் டாட்ஜர்ஸ் அணியின் கீழ்நிலை அணிகளில் கேட்சராகத்தான் இருந்தார். 2009 உலக பேஸ்பால் கிளாசிக்கில் நெதர்லாந்துக்குக் கேட்சராக ஆடியவரை அதே ஆண்டு பிட்சராக மாற்றினார்கள், அடுத்த ஆண்டே மேஜர் லீகுக்கு வந்துவிட்டார். பஸ்டர் போஸி கதை நேர்மாறு. ஹைஸ்கூலில் பிட்சரும், செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும். மேஜர் லீக் அணிகள் ஆண்டுதோறும் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2005-ல் ஏஞ்சல்ஸ் அவரை 50-வது சுற்றில்தான் எடுத்தது, அவர் கையெழுத்துப் போடாமல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே கேட்சரானார். 2008 டிராஃப்டில் ஜயன்ட்ஸ் அவரை மொத்தத்திலேயே ஐந்தாவது ஆளாக எடுத்தது. பதினேழு வயதில் போஸியைப் பார்த்த யாரும் கேட்சர் என்று எழுதியிருக்க முடியாது, ஏனென்றால் அவர் அங்கே உட்காரவே இல்லை.

ஜான்சனிடம் எனக்குப் பிடித்த விஷயம், பிட்சரானபோது அவர் கையில் பழைய பிட்ச்களின் தேய்மானம் இல்லை. இந்தப் பையனுக்கு அந்த வசதி கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் செலவாகிக்கொண்டிருக்கிறான். என் கணிப்பு கேட்சர். அந்தக் கால், அந்தக் கை, அப்புறம் பிட்சர் தடுமாறும்போது எழுந்து போய் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிற பக்குவம். 91 மைல் போடுகிற பையன்கள் நாட்டில் நிறைய, இப்படி உட்காருகிறவன் குறைவு.

ஞாயிறு இரவு நண்பர் கூப்பிட்டார். ஸ்கவுட்கள் எல்லாவற்றையும் 20 முதல் 80 வரை மதிப்பெண்ணாகத்தான் கேட்பார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. “கைக்கு என்ன போடுவாய்?” என்றார். செவ்வாய்க்கிழமை என்றால் 60, சனிக்கிழமை என்றால் 45 என்றேன். விளையாடாதே, ஒரு நம்பர் சொல் என்று அதட்டினார். 60 என்று சொல்லிவிட்டு, மூன்று நாளும் நான் போட்ட கோடுகளின் மொத்தத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம். ஓரத்தில் எழுதிக்கொண்டதாகச் சொன்னார்.