ஹெவி லைசென்ஸ் டெஸ்டுக்கு ஏன் இவ்வளவு காத்திருப்பு?

கேரளாவில் பாலக்காட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் பக்கம் லாரி ஓட்டத் தெரிந்த பையன்களுக்குப் பஞ்சமே இல்லை, லாரி, பஸ் ஓட்டத் தேவையான ஹெவி லைசென்ஸ் கையில் இருப்பவர்கள்தான் குறைவு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எங்கே பார்த்தாலும் டிரைவர் கிடைக்காமல் வண்டியை ஷெட்டில் போட்டிருக்கும் ஓனர்கள் ஒருபக்கம், டெஸ்ட் தேதி கிடைக்காமல் கிளீனராகவே வாளையாருக்கும் கொச்சிக்கும் அலைகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம்.

சட்டம் சொல்லும் கால அளவில் குறை சொல்ல எதுவும் இல்லை. 20 வயது ஆகியிருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது முடிந்திருக்க வேண்டும், எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்டு 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம், தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். ஸ்லாட் இருந்தால்தானே போவது? என் அக்கா மகன் ‘டி’ (ஆங்கில T எழுத்து வடிவத்தில் மைதானத்துக்குள் ஓட்டிக் காட்டும் டெஸ்ட்) எடுக்கும்போது ரிவர்ஸில் பின்பக்க இடது மூலை லேசாகக் கம்பியில் பட்டது, அவ்வளவுதான், இறங்கச் சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான், தட்டினால் தோல்வி. ஆனால் அடுத்த தேதிக்கு அக்ஷயா இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பார்த்தால் பக்கத்துத் தேதி எதுவும் காலி இல்லை. எல்.எல்.ஆருக்கு ஆயுசு 6 மாதம்தான். அது முடிந்தால் மறுபடி பணம், மறுபடி 30 நாள்.

இந்த இடைவெளியில் நடப்பதுதான் எனக்குப் பயம். நடுராத்திரி டிரைவருக்குக் கண் சொக்கும்போது, "கொஞ்ச நேரம் நீ பிடிடா" என்று ஸ்டியரிங் லைசென்ஸ் இல்லாத கிளீனர் பையன் கைக்கு வந்துவிடுகிறது, பின்னால் முழு லோடு. இது லாரி லைனில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே பேசமாட்டார்கள்.

2024 மே மாதம் கேரளாவில் டெஸ்டைக் கடுமையாக்கியபோது ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான் என்று வரம்பு வைத்தார்கள். முதலில் 30 என்றார்கள், டிரைவிங் ஸ்கூல்காரர்கள் போராட்டத்தில் இறங்கியதும் அது 40 ஆனது. அவசரமாகப் பார்த்துத் தள்ளிவிடக்கூடாது என்ற நோக்கத்தை நான் முழுசாக ஏற்கிறேன். பஸ்ஸில் ஐம்பது உயிர் உட்கார்ந்திருக்கிறது, டெஸ்டை ஒரு நிமிஷம்கூடக் குறைக்க வேண்டாம். நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கிற ஆட்களும் கூடவேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வேலையைப் பிரித்தாவது கொடுக்கவேண்டும்.

பிரிட்டனில் 2021-இல் லாரி டிரைவர்களுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தபோது இதைத்தான் செய்தார்கள். ரிவர்ஸ் எடுப்பது, டிரெய்லரைக் கழற்றி மாட்டுவது எல்லாம் மைதானத்துக்குள் நடப்பவை, அவற்றைத் தனியே பிரித்து, அங்கீகாரம் பெற்ற வெளியாட்களே பார்க்கலாம் என்றார்கள். ரோடு டெஸ்ட் மட்டும் அரசாங்கப் பரிசோதகர் கையிலேயே இருந்தது. அவருக்கு மிச்சமாகும் நேரத்தில் இன்னும் நிறைய பேரை ரோட்டில் ஓட்டவிட்டுப் பார்க்கலாம் இல்லையா?

இங்கே அதைச் செய்ய இடமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. கேரள அரசு பஸ் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி. 2024-இலேயே டிரைவிங் ஸ்கூல் தொடங்கிவிட்டது. சித்தூர் டிப்போ, பாலக்காடு டிப்போ மாதிரி இடங்களில் ‘டி’ டெஸ்டை கேமரா வைத்துப் பதிவு செய்து, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்களை வைத்தே நடத்தலாம். முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவருக்குத் தெரியாத ரிவர்ஸா? மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த அங்கீகாரப் பயிற்சி மையத் திட்டம் வேறு மாதிரி. அங்கே 38 மணி நேரம் பயிற்சி எடுத்துத் தேறினால் ஆர்.டி.ஓ. டெஸ்டே வேண்டாம். எனக்கு அதில் உடன்பாடில்லை, சொல்லிக்கொடுத்தவரே பாஸ் போடுவது சரிவராது. தவிர சமவெளியில் 2 ஏக்கர் இடம் கேட்கிறார்கள், பழைய லாரி ஒன்றை வைத்து ஸ்கூல் நடத்தும் எங்கள் ஊர்க்காரர் எங்கே போவார்?

பொள்ளாச்சிக்குப் போய் எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பக்கம்தான், ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் கொடுத்த வசதி அந்தந்த மாநிலத்துக்குள் எந்த ஆபீஸிலும் விண்ணப்பிக்கலாம் என்பதுதான். அங்கே தொழிலோ, பயிற்சி எடுக்கிற ஸ்கூலோ இல்லாமல் இங்கே குடியிருந்தால் இங்கேதான்.

அப்புறம், வராமல் போகிறவர்களின் ஸ்லாட். லாரி லைனில் இருப்பவன் டெஸ்ட் அன்றைக்கு நாசிக்கில் வெங்காய லோடுக்கு நிற்பான், இடம் வீணாகும். முந்தின நாளே அவன் ரத்துசெய்ய சுலபமாக ஒரு வழி வேண்டும், அந்த இடம் உடனே வரிசையில் அடுத்து இருப்பவனுக்கு ஒரு குறுஞ்செய்தியாகப் போகவேண்டும். அது தமிழிலும் வந்தால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இன்னும் நல்லது.