இரண்டு புயலுக்கு நடுவே தினம் ஒரு கட்டு பீடி

தை, மாசியில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓபி முழுக்க இருமல்தான். சம்பா அறுப்பு நடக்கும், அறுவடை மெஷின் கிளப்பும் தூசி ஒரு பக்கம், கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தூற்றும்போது பறக்கிற சுணை ஒரு பக்கம், காலைப் பனி வேறு. திருவாரூர் மாவட்டத்தில் ஒன்பது வருடமாக மருத்துவ அலுவலராக இருக்கிறேன். மதியம் ஒரு மணிக்குள் நூற்றைம்பது பேரைப் பார்த்தாக வேண்டிய நாட்களில் இருமல் என்று வருகிறவரிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச முடிவதில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் நான் தவறாகக் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாசியில் வந்தார் அவர். டிபிசியில், அதாவது அரசு நெல் கொள்முதல் நிலையத்தில், மூட்டை தூக்குகிறவர், அறுபது தாண்டிய ஆள், ஒரு மாதமாக இருமல். "நெல்லு சுணைதாம்மா, வருஷா வருஷம் வர்றதுதான், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றார். "பீடி, சிகரெட் பிடிப்பீங்களாய்யா?" என்று கேட்டேன். "இல்லீங்கம்மா." சீட்டில் "புகை இல்லை" என்று எழுதினேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி எடுத்துப் பார்க்க வேண்டும், அது எங்களுக்கு மனப்பாடம். அனுப்பினேன், காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தது. அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஐந்து நாள் மாத்திரையும் ஒரு இருமல் மருந்தும் கொடுத்து அனுப்பிவிட்டேன். திரும்ப எப்போது வர வேண்டும் என்று சொல்லவில்லை.

வைகாசியில் அவர் மனைவி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். குரல் கம்மிப் போயிருந்தது, சட்டை இன்னொருவருடையதை வாங்கிப் போட்டது மாதிரி தொங்கியது. கையை நீட்டச் சொன்னேன். விரல் நுனிகள் பருத்து, நகம் கிளிமூக்கு போல வளைந்திருந்தது. இரண்டு ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகு ஒட்டிப் பிடித்தால் நடுவில் கல்கண்டு அளவுக்கு ஒரு இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். அவர் விரல்களுக்கு நடுவே வெளிச்சம் வரவில்லை, நுரையீரலில் பெரிய நோய் இருக்கலாம் என்பதற்கு அது ஒரு அடையாளம். ஐந்து வினாடி வேலை, கருவி எதுவும் வேண்டாம். மாசியிலும் அந்தக் கைகள் இதே மேஜை மேல்தான் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

"ஐயா, முன்னாடி எப்பவாவது பீடி பிடிச்சிருக்கீங்களா?"

"அது கஜா அடிச்ச வருஷமே விட்டுட்டேம்மா."

"எப்ப ஆரம்பிச்சது?"

கொஞ்சம் யோசித்தார். "எழுபத்தேழு புயலுக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் செத்துக் கிடந்த மாடுகளைப் புதைக்கப் போனோம். நாத்தம் தாங்கலன்னு பெரியவர் ஒருத்தர் பத்த வச்சுக் கொடுத்தாரு. அப்ப எனக்குப் பதினெட்டு வயசு." ஒரு நாளைக்கு ஒரு கட்டு என்றார்.

1977 நவம்பரிலிருந்து 2018 நவம்பர் வரை, இரண்டு புயலுக்கு நடுவே நாற்பத்தோரு வருடம். மாசியில் அவர் பொய் சொல்லவில்லை. பிடிப்பீங்களா என்று கேட்டேன், அவர் அப்போது பிடிப்பதில்லை.

எக்ஸ்ரேயில் இடது பக்கம் மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நிழல். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம், சிடி ஸ்கேன், சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி எல்லாம் எடுத்தார்கள், நுரையீரல் புற்றுநோய், எலும்பு வரை போயிருந்தது. ஐப்பசியில் இறந்துவிட்டார். மாசியிலேயே பிடித்திருந்தாலும் நோய் முற்றியே இருந்திருக்கலாம். ஆனால் அந்த மூன்று மாதம் அவருடையது.

அதற்கப்புறம்தான் நுரையீரல் புற்றுநோய் ஸ்கிரீனிங் பற்றி உட்கார்ந்து படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஸ்கிரீனிங் என்பது அறிகுறியே இல்லாதவரைச் சோதிப்பது. இருமலோடு வந்து நிற்பவருக்குச் செய்ய வேண்டியது நோயைத் தேடுவது, அது வேறு, இதை டாக்டர்கள் நாங்களே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அமெரிக்காவில் நிறையப் புகைத்த 53,000க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடியும் மீதிப் பேருக்கு மார்பு எக்ஸ்ரேயும் வருடத்துக்கு ஒன்றாக மூன்று தடவை எடுத்துப் பார்த்தார்கள். 2011ல் முடிவு வந்தது, சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைவு. இப்போது அங்கே 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, 20 பேக்-இயர் புகைத்து, இன்னும் புகைக்கிறவருக்கோ விட்டு 15 வருடம் ஆகாதவருக்கோ வருடம் ஒரு சிடி எடுக்கலாம் என்பது 2021ல் வந்த பரிந்துரை. பேக்-இயர் என்றால் தினம் 20 சிகரெட் வீதம் ஒரு வருடம். பீடியில் புகையிலை கொஞ்சம்தான், ஆனால் அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போகிற தாரும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை. அதனால் ஒரு கட்டை ஒரு பாக்கெட்டாகவே நான் எண்ணுகிறேன். அந்தக் கணக்கில் நம் ஐயா, பீடியை விட்ட பிறகும், அந்தப் பட்டியலில் நிற்கிறவர்.

சரி, அதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடலாமா? நம் அரசுத் திட்டத்தில் 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத்தான் பரிசோதனை இருக்கிறது, நுரையீரலுக்கு இல்லை. அமெரிக்க ஆய்விலேயே சிடியில் ஏதோ தெரிகிறது என்று சொன்னவற்றில் 96 சதவீதம் புற்றுநோய் இல்லை. பழைய காசநோய்த் தழும்போடு நடமாடுகிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கிற ஊரில் நிழல் இன்னும் நிறையத் தெரியும். ஒவ்வொரு நிழலுக்கும் தஞ்சாவூருக்கு பஸ், மறுபடி ஒரு ஸ்கேன், சிலருக்கு ஊசி குத்தி சதை எடுப்பது, போன நாளெல்லாம் கூலி போச்சு, வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. வெறும் எக்ஸ்ரேயை ஸ்கிரீனிங்காக எடுத்தால் சாவு குறையவில்லை என்பதும் தெரிந்ததுதான். எல்லோருக்கும் ஸ்கேன் எடு என்று நான் கேட்க மாட்டேன். இன்றைக்கு என் கையில் இருப்பது கேள்வி மட்டும்தான், அதையாவது ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

பெண்களிடம் கேட்பது இன்னும் மோசம். அவர்களிடம் கேட்பதே இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரோடு ஒரு நாள் தெருவில் போனபோது ஒரு வீட்டில் கொல்லைப்புற அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தார் ஒரு அக்கா. கருவேல விறகு, மேலே காய்ந்த தென்னை மட்டை. ஊதுவது ஒரு மூச்சு, அப்புறம் முகத்தைத் திருப்பாமலே அடுத்த மூச்சை இழுப்பது, அந்த இழுப்பில் புகை மொத்தமும் உள்ளே. "கேஸ் இருக்காக்கா?" என்றால் இருக்கு என்கிறார், சிலிண்டரும் மூலையில் நிற்கிறது. "சோறு எதுல வடிக்கிறீங்க?" என்று கேட்டால்தான், "கேஸு டீக்கு மட்டும்தாம்மா, சோத்துக்கும் வெந்நிக்கும் இதான்" என்று வருகிறது. முப்பது வருடமாக இதே அடுப்பு. விறகுப் புகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு மிகுந்தவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த அக்கா ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை, பேக்-இயர் கணக்கில் அவருக்குச் சுழியம்தான். நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் வருகிற பெண்களில் பெரும்பாலோர் புகைத்தே இராதவர்கள்.

இப்போது என் மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. சளியில் காசநோய் இல்லை என்று வந்தவர்களின் பெயர் அதில் ஏறும், பக்கத்தில் பீடி ஆரம்பித்த வருடம், விட்ட வருடம், கட்டு எத்தனை, பெண்கள் என்றால் எந்த அடுப்பு. மூன்று வாரத்தில் வரச் சொல்வேன், வராவிட்டால் செவிலியர் போன் போடுவார். இருமல் நிற்காதவருக்கு எக்ஸ்ரே, அதில் ஏதாவது இருந்தாலோ, ரத்தம் துப்பினாலோ, எடை குறைந்தாலோ, அதற்கு மேல் இங்கே வைத்துக்கொள்வதில்லை. வருடம் கேட்டால் யாரும் சொல்வதில்லை, புயலைச் சொல்லிக் கேட்டால் சொல்கிறார்கள்.

போன மாதம் அந்த ஐயாவின் மகன் அம்மாவைச் சர்க்கரை மாத்திரை வாங்கக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு இருமல் எதுவும் இல்லை. இருந்தாலும் கேட்டேன். அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார், "சுனாமி வந்த வருஷம் டாக்டரம்மா. அரைக் கட்டு." நோட்டில் 2004 என்று எழுதிக் கோடு போட்டேன், கோட்டுக்கு அந்தப் பக்கம் இடம் விட்டிருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை தனியாக வரச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு கூட்டம் குறைவாக இருக்கும், பத்து நிமிடம் உட்கார்ந்து பேசலாம்.