‘ஓபன்’ என்று மின்னினால் கொன்ட்ரோலரைக் கழற்றாதீங்க

பெரும்போக வெட்டுத் தொடங்கி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து மில்லுகளில் நெல் காயவைக்கிற ட்ரையர் இரவு பகலாக ஓடும். ட்ரையரின் சூட்டை அளந்து அடுப்பை நடத்துகிற டெம்பரேச்சர் கொன்ட்ரோலரில் இலக்கம் மறைந்து எழுத்து மின்னுவதும் அந்த நேரத்தில்தான். உடனே புதுசு வாங்க ஆள் ஓடும். புதுசைப் பூட்டினாலும் அதே எழுத்துத்தான் வரும், கோளாறு அநேகமாக வயரில் கிடப்பதால்.

ஓட்டோனிக்ஸ் கம்பனிக் கொன்ட்ரோலரில் ‘ஓபன்’ என்றால் சூட்டை உணருகிற சென்சர் கழன்றோ அறுந்தோ இருக்கு. நாலு ‘எச்’ வந்தால் அளவு வரம்புக்கு மேலே, நாலு ‘எல்’ வந்தால் கீழே. ஒம்ரோன் கம்பனியின் ஈ5சிசி கொன்ட்ரோலர், சென்சர் பக்கத்து உள்ளீட்டுக் கோளாறுக்கு ‘எஸ்.எர்’ காட்டும். அதிலேயே ‘ஈ111’ வந்தால் மட்டும் உள் மெமரிப் பிழை. ஓஃப் பண்ணி ஓன் பண்ணியும் போகாவிட்டால் கொன்ட்ரோலரைத் திருத்தக் கொடுக்க வேண்டியதுதான்.

சோதிக்கமுதல், உமி அடுப்புக்குக் காற்றடிக்கிற புளோவரின் பிரேக்கரைக் கீழே போடுங்க. இதை மறக்கக் கூடாது. சென்சர் பூட்டுகிற முனைகளை ஷோட் பண்ணினதும் கொன்ட்ரோலர் ‘குளிராக் கிடக்கு’ என்று நினைத்து புளோவரை ஓட்டிவிடும்.

சென்சரில் இரண்டு வகை. இரண்டு வயர் வருகிற கே டைப் தெர்மோகப்பிள் என்றால் சென்சர் வயரைக் கழற்றி, கொன்ட்ரோலரின் பிளஸ், மைனஸ் இரண்டையும் சின்ன வயர்த் துண்டால் இணையுங்க. பெனலுக்குள் இருக்கிற சூடு, 30, 35 அளவில் தெரிந்தால் கொன்ட்ரோலர் சுகம். சூட்டோடு ஓம் கூடுகிற, மூன்று வயர் வருகிற பிடி100 என்றால், ஒரே நிற வயர் இரண்டும் வந்த முனைகளை ஒன்றாக்கி, அதற்கும் மற்ற முனைக்கும் இடையில் 120 ஓம், 1 வீதப் பிசகுள்ள ரெசிஸ்டர் ஒன்றை வையுங்க. 51, 52 அளவில் காட்டும்; ரெசிஸ்டரின் பிசகால் 3 டிகிரி முன்னே பின்னே போகலாம். அந்த ரெசிஸ்டரைப் பெனல் கதவின் உள்பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டி வைப்பது நல்லது, தேடும் நேரத்தில் ஒருநாளும் கைக்கு வராது.

மறுகா கழற்றிய சென்சரை ஓம் பார்க்கிற மீற்றரில் பாருங்க. 30 டிகிரியில் பிடி100இன் வேறு நிற வயர்களுக்கிடையில் 111.7 ஓமும், அதோடு வயரின் ஓமும் வரும். ஒரே நிற வயர்களுக்கிடையில் வயரின் ஓம் மட்டும்தான். கே டைப்பில் சில ஓம் காட்டும். மீற்றர் அசையாவிட்டால் அறுந்திருக்கு.

அறுகிற இடம் பெரும்பாலும் ட்ரையரில் உள்ள சென்சரின் தலை. மூடியைத் திறந்தால் ஸ்குரூவைச் சுற்றி உமித்தூள் ஈரத்தோடு அப்பி, செம்பு பச்சை பூத்திருக்கும். கடற்கரைப் பக்கத்து மில்லுகளில் உப்புக்காற்று இதை இன்னும் கெதியாக்கும். சுரண்டிவிட்டுத் திரும்ப முறுக்குவது வீண்வேலை. உறைக்குள்ளேயும் கறுத்திருக்கும், பளபளவென்று செம்பு வரும்வரை வெட்டி, வயர் முனைக்கு லக் அடித்து முறுக்குங்க. பிடி100இன் ஒரு வயரில் மட்டும் 1 ஓம் கூடினாலே அளவு 2.6 டிகிரி தள்ளிப்போகும்.

எழுத்தே வராத கோளாறுதான் பொல்லாதது. எலி கடித்துத் தெர்மோகப்பிள் வயர் இரண்டும் இடையில் முட்டினால், முட்டின இடத்துச் சூட்டைத்தான் கொன்ட்ரோலர் காட்டும். ட்ரையர் எரிந்தாலும் அது 35 என்று நிற்கும், புளோவர் நிற்காது. பிடி100ஐப் பூட்டிவிட்டு செட்டிங்கில் ‘கே’ என்று விட்டாலும் இதே கதை. சூடு ஏறஏற இலக்கம் இறங்கினால் பிளஸ், மைனஸ் மாறியிருக்கு.

இன்னொன்று, அறுந்த தெர்மோகப்பிள் வயரைச் சாதாரண செம்பு வயரால் நீட்டுவது. ஒட்டுப்போட்ட இடம் 55 டிகிரி, பெனல் 33 என்றால் கொன்ட்ரோலர் 22 டிகிரி குறைத்துக் காட்டும். நெல் கூடக் காய்ந்து வெடித்து, மில்லில் குறுணலாக விழும். கே டைப்புக்கு கே டைப் வயரையே கேட்டு வாங்குங்க. சர்வதேச நிறமுறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்க நிறமுறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பார்த்ததும் பிளஸில் பூட்டிவிடாதீங்க.