முன்பாரம்

மாடுகளை விற்ற பிறகு தாத்தாவின் டயர் வண்டி எங்கள் தென்னந்தோப்பில் எட்டு வருடம் மழையில் நனைந்து கிடந்தது. மரச்சட்டம் கரையானுக்குப் போய்விட்டது. அச்சும் இரண்டு சக்கரங்களும் மட்டும் மிஞ்சின. மினி டிராக்டர் வாங்கிய ஆண்டில், அந்த அச்சை வைத்தே எருவும் தேங்காயும் ஏற்ற ஒரு சிறு டிரெய்லர் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

முதல் வேலை சக்கரத்தைக் கழற்றுவது. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் கிரீஸ் காய்ந்து கருப்பட்டிபோல இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவியபோது ஒரு பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்புபோல் சிறுசிறு குழிகள் தெரிந்தன. அதை மட்டும் மாற்றினேன். நட்டை இறுக்கிவிட்டு, பிறகு கொஞ்சம் தளர்த்த வேண்டும். சக்கரத்தைத் தட்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. இந்தப் பக்குவம் கைக்கு வர அரை நாள் ஆனது.

பெட்டி 6 அடிக்கு 4 அடி. அடிச்சட்டத்துக்கு 75 மில்லிமீட்டர் சேனல் இரும்பு, தளத்துக்கு 3 மில்லிமீட்டர் தகடு. தகடு மட்டுமே 50 கிலோவுக்கு மேல் வந்தது. ஊர்ப் பட்டறைக்காரரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: முழு வெல்டிங்குக்கு முன் நான்கு மூலைகளிலும் பொட்டு மட்டும் வைத்து, மூலைக்கு மூலை அளந்துவிட வேண்டும். இரண்டு குறுக்களவுகளும் 7 அடி இரண்டரை அங்குலம் இருக்க வேண்டும். ஒன்று அரை அங்குலம் கூடுதலாகக் காட்டியது. பொட்டு நிலையிலேயே சுத்தியலால் தட்டிச் சரிசெய்தோம். முழுதாகப் பற்றவைத்த பிறகு தெரிந்திருந்தால் வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும்.

பெட்டியின் சரிபாதியில் அச்சை வைத்தேன். அதுதான் என் பிழை.

முதல் நடையிலேயே தெரிந்துவிட்டது. பின்பக்கம் நின்று எருவை வாரிப் போட்டதால் குவியல் பின்னால் சேர்ந்திருந்தது. வாய்க்கால் மேட்டில் ஏறும்போது டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் ஏர்க்கால் மேல்நோக்கித் தூக்க, டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பில்லாமல் வழுக்கின. உடனே நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அணைகொடுத்தேன். அப்பா வந்து ஒரு பார்வை பார்த்தார்.

“பின்பாரம் ஏறிவிட்டது, கண்ணு. மாடு பூட்டியிருந்தால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கியிருக்கும். எப்போதும் முன்பாரம் கொஞ்சம் இருக்க வேண்டும்.”

எத்தனை அங்குலம் என்று அவரிடம் கேட்க முடியாது. அவர் அதை நுகத்தடியில் கைவைத்தே அறிந்தவர். கணக்கு நான் போட்டேன். பெட்டிக்கு முன்னால் ஏர்க்கால் 4 அடி. அச்சை 9 அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் சுமையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கும். சக்கரங்களைக் கழற்றிவிட்டு (டயர் பக்கத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது) அச்சை வெட்டி நகர்த்திப் பற்றவைத்தோம். 500 கிலோவை மட்டமாகப் பரப்பி, ஏர்க்கால் முனைக்கடியில் எடை மேடையை வைத்தபோது 75 கிலோ காட்டியது. பெட்டியும் ஏர்க்காலும் தரும் கனத்தையும் சேர்த்தால் இது சரியான அளவு.

கொக்கியின் இணைப்பு ஆணி கழன்றாலும் வண்டி தனியே ஓடாமலிருக்கக் குறுக்காக இரண்டு சங்கிலிகள் போட்டிருக்கிறேன். பிரேக் இல்லை, அதனால் சரிவில் அரைச்சுமைக்கு மேல் ஏற்றுவதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான். பதிவு செய்யாமல் பொதுச்சாலையில் ஏற்றக் கூடாது என்பதால் தோப்பு வரப்பைத் தாண்டி இதைக் கொண்டுபோவதில்லை.

துரு பிடிக்காமலிருக்க அடித்த ரெட் ஆக்சைடு பூச்சு காய்ந்த மறுநாள் அதே வாய்க்கால் மேட்டில் எருவோடு ஏறினேன். ஓரமாக நடந்து வந்த அப்பா, மேடு தாண்டும்வரை ஏர்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எருவை இறக்கப் போய்விட்டார்.