உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருந்த மூன்று நாட்கள்

இதில் ஊர்ப்பெயர் இருக்காது. பள்ளியின் பெயரும் அந்தப் பிள்ளையின் பெயரும் இருக்காது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அதற்கு அனுமதிக்காது. அனுமதித்தாலும் நான் எழுத மாட்டேன். தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2023 ஜூலையில் எட்டாம் வகுப்புக்கு நான்தான் கிளாஸ் டீச்சர். எங்கள் பள்ளி அலுவலக ஊழியர் ஒருவர் மீது போலீஸில் புகார் கொடுத்ததும் நான்தான்.

போக்ஸோ பற்றி எங்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது உண்டு. குட் டச், பேட் டச் படங்கள் காட்டினார்கள். ஒரு பிள்ளை நேரில் வந்து சொன்னால் அடுத்த பத்து நிமிடத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் தப்புச் செய்தேன்.

கல்வி உதவித்தொகைக்காக வங்கிப் பாஸ்புக் ஜெராக்ஸை ஆபீஸில் கொடுக்கச் சொல்லியிருந்தோம். அவள் மட்டும் கொடுக்கவில்லை. கேட்டால் என்னிடம் நீட்டினாள். "ஆபீஸ்ல குடுத்துட்டு வாம்மா" என்றேன். "நீங்களே குடுத்துருங்க மிஸ்" என்றாள். மறுநாளும் அதே பதில். மூன்றாம் முறை அந்தத் தாளைப் பார்த்தேன். எட்டாக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் மை உரிந்து, கணக்கு எண்ணே தெரியாமல் போயிருந்தது. அத்தனை நாளும் கைக்குள் வைத்து மடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலக அறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். நாலே வரி சொன்னாள். அந்த நாலு வரியை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டு, "சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே போலீஸுக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ நான் தெரிவித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. நான் அதைச் செய்யவில்லை. முதலில் உறுதியாகத் தெரியட்டும் என்று நினைத்தேன். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரை அழைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மறுநாள் வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அறையில் மூன்றாம் தடவை. "எந்தக் கிழமை? அப்போ வேற யாரு இருந்தா? நீ ஏன் சத்தம் போடலை?" நாலு வரி மூன்றானது. பிறகு இரண்டானது. கடைசியில் தாவணி நுனியைப் பார்த்துக்கொண்டு, "தெரியலை சார்" என்றாள்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "பள்ளிக்கூடத்துப் பேரு போயிரும் டீச்சர். மெமோ குடுத்து எச்சரிப்போம். பாதுகாப்புக் குழு இருக்குல்ல, அதுல வச்சுப் பேசுவோம்" என்றார். 2021-இல் சென்னையில் ஒரு பள்ளி விவகாரம் வெடித்த பிறகு, எல்லாப் பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கச் சொன்னது அரசு. எங்கள் பள்ளியிலும் சுவரில் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருந்தது. ஆனால் குழு கூடிப் பேசுவது போலீஸில் சொல்வதற்கு மாற்று ஆகாது. அது அன்றைக்கு அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை இரவு 1098-க்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்கவே இல்லை. பிள்ளை இப்போது எங்கே, யாரோடு இருக்கிறாள், அந்த ஆளை மறுபடி பார்க்க நேருமா என்றுதான் கேட்டார். நான் உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்றிருந்தேன் என்றதும், "அது உங்க பொறுப்பு இல்லைங்க மேடம். சந்தேகம் வந்தாலே சொல்லணும், விசாரிக்க வேண்டியது போலீஸ்" என்றார். போனை வைத்துவிட்டுச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே தெரிவிக்கச் சொல்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில் வழக்கும் வராது, கிரிமினல் வழக்கும் வராது. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் மீதான புகாரை ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை, அபராதம் தனி.

அந்தப் பக்கத்தை ஞாயிறு காலையில் தலைமையாசிரியர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். கோவையில் புகாரைத் தெரிவிக்காமல் விட்டதாகப் பள்ளி முதல்வரே போக்ஸோவில் கைதான 2021 நவம்பர் செய்தி அவருக்கு நினைவிருந்தது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் முதல் கேள்வி, "பேரண்ட்ஸ் வரலையா?" என்பது. புகாரைப் பெற்றோர்தான் கொடுக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சிஎஸ்ஆர் ரசீது போட்டுத் தருகிறோம், நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். புகார் வந்தது என்பதற்கான ரசீதுதான் அது, வழக்குப் பதிவு அல்ல. எஃப்ஐஆர் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்கு அதன் நகல் கைக்கு வந்தது. நகலுக்குக் காசு கிடையாது, யாரும் கேட்டால் கொடுக்காதீர்கள். பள்ளி ஊழியர் என்பதால் 9ஆம் பிரிவும் 10ஆம் பிரிவும் போட்டிருந்தார்கள். கல்வி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருப்பவரோ ஊழியரோ குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் செய்தால் அது கடுமையான குற்றம். குறைந்தது ஐந்து வருடம், அதிகபட்சம் ஏழு வருடம். ஆசிரியருக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். கிளார்க், வாட்ச்மேன், லேப் அசிஸ்டென்ட் எல்லாருக்கும் இது பொருந்தும்.

பிள்ளை ஆச்சி வீட்டில் வளர்கிறாள். அப்பா கேரளாவில் வேலை, அம்மா இல்லை. வாக்குமூலம் வாங்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்வார்களோ என்று ஆச்சி நடுங்கிக்கொண்டிருந்தார். சட்டப்படி பிள்ளை இருக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும், கூடியமட்டும் பெண் சப்-இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டும், யூனிஃபார்ம் கூடாது. வந்த எஸ்.ஐ. சுடிதார் போட்டு ஸ்கூட்டியில் வந்தார். தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஆச்சி பூ கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தானும் நாலு கண்ணி கட்டினார். அப்புறம்தான் நோட்டை எடுத்தார். நான் மூன்று தடவை கேட்டும் வராதது அன்றைக்கு முழுசாக வந்தது. நான் உள்ளே இல்லை. ஆச்சி சொல்லித்தான் தெரியும். "ஒரு சொல்லுக்கூட இடையில பேசல டீச்சர் அந்தப் பொண்ணு. இவளும் அழலை, சொல்லிட்டா" என்றார்.

அதன் பிறகு அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவரிடம் பரிசோதனை, அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம். இரண்டுக்கும் ஆச்சி கூடவே இருந்தார், இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்லிவிட, வழக்கில் பிள்ளைக்குத் துணை நிற்கும் 'ஆதரவு நபர்' ஆக ஒரு பெண்மணியை அவர்கள் நியமித்தார்கள். போக்ஸோ சட்டத்தின் 2020 விதிகளில் உள்ள ஏற்பாடு இது. இப்படி ஒருவர் உண்டு என்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கேட்டு வாங்குங்கள். வாய்தா தேதி சொல்வது, பஸ்ஸுக்கு ஏற்றிவிடுவது, இடைக்கால இழப்பீட்டுக்கு மனுப் போட வைப்பது என்று எல்லாம் அந்த அம்மாதான் பார்த்தார். அந்த மனுவுக்கும் பாஸ்புக் ஜெராக்ஸ் கேட்டார்கள். பிள்ளையே புதுசாக ஒன்று எடுத்து, மடிக்காமல் நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தாளாம்.

ரொம்பவும் சோதித்தது காலதாமதம். வழக்கை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், முடிந்தவரை ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. எங்கள் பிள்ளை கூண்டேற ஒன்றரை வருடம் ஆனது. எட்டாம் வகுப்பில் நடந்ததைப் பத்தாம் வகுப்புக்கு வரப்போகும் நேரத்தில் நினைவுபடுத்திச் சொல்ல வைத்தோம். இதை யாரும் சகஜமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த இடைவெளியில்தான் சமாதானம் பேச ஆள் வந்தார்கள். 2024 டிசம்பரில் அப்பா கேரளாவிலிருந்து போன் செய்தார். "பிள்ளை கல்யாணத்துக்குன்னு ஒரு தொகை தர்றாங்களாம் டீச்சர். எங்களுக்கே சமாதானம்னா கோர்ட்டுக்கு என்ன?" அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாதம் முழுக்கத் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிற மனிதர். அதற்கு ஒரு மாதம் முன்புதான் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் வழக்கொன்றில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 15 வயது மாணவியிடம் தவறாக நடந்ததாக ஆசிரியர் மீது வழக்கு. மாணவியின் தந்தை சமாதானமாகப் போய்விட்டார் என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்துசெய்துவிட்டது. அது செல்லாது, வழக்கு நடக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதை அவருக்குச் சொன்னேன். "வழக்கு அரசாங்கத்துது அண்ணே. நீங்க விட்டாலும் அது போகாது. பிள்ளை மாத்திச் சொல்லணும்னுதான் அந்தக் காசு. அவளைப் பொய் சொல்ல வைக்கப் போறீங்களா?" மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தம் இல்லை. அந்தத் தொகையை அவர் வாங்கவில்லை.

பிள்ளை சாட்சி சொன்ன அன்று நீதிமன்ற அறையில் வெளியாட்கள் யாரும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படாதபடி திரை. வக்கீல்கள் கேட்க நினைத்ததை நீதிபதியிடம் சொல்ல, நீதிபதி அவளிடம் கேட்டார். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடிக்க விட்டார்கள்.

எனக்குத் திரை கிடையாது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது இரண்டே விஷயம். "வியாழக்கிழமை தெரிஞ்சது. ஞாயிற்றுக்கிழமைதான் புகார். நடுவில மூணு நாள் என்ன சொல்லிக் கொடுத்தீங்க?" அடுத்தது, முதல் நாள் புதன் என்றவள், தலைமையாசிரியர் அறையில் செவ்வாய் என்று சொன்னது ஏன்? அந்தச் செவ்வாயை உண்டாக்கியதே எங்கள் கேள்விகள்தான். பயந்து போன பிள்ளையிடம் மூன்றாம் தடவை கிழமை கேட்டால் எதையாவதுதான் சொல்லும். அந்த முரணை நீட்டி அவளிடமும் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட குழந்தையிடம் இதுபோன்ற சின்ன வேறுபாடு இயல்பு என்று தீர்ப்பில் எழுதிய நீதிபதி, ஐந்து வருடம் சிறை விதித்தார். மேல்முறையீடு மதுரையில் இருக்கிறது. ஆனால் என் மூன்று நாளுக்கு அவள் பதில் சொல்ல நேர்ந்தது என்பது எந்தத் தீர்ப்பாலும் மாறப்போவதில்லை.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் புகார்ச் சீட்டுப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி ஒன்று 2023-லும் இருந்தது. 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணும் அதன் மேல் எழுதியிருந்தது. பெட்டி மாட்டியிருந்த இடம் ஆபீஸ் வாசல். அந்த மனிதரின் மேஜையிலிருந்து பார்த்தால் யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று நேராகத் தெரியும். தினமும் அதைக் கடந்து போன எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இப்போது அது பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வகுப்பறைச் சுவரின் மறைவில் இருக்கிறது. சாவி என்னிடம் ஒன்று, தலைமையாசிரியரிடம் ஒன்று. புதிதாக வரும் கோச் ஆனாலும் ஆயா ஆனாலும் போலீஸ் சரிபார்ப்பு வந்த பிறகுதான் உள்ளே விடுகிறார் அவர். அதுவும் 2020 விதிகளில் இருப்பதுதான்.

வாரம் இரண்டு முறை பெட்டியைத் திறக்கிறோம். பெரும்பாலும் ஃபேன் ஓடவில்லை, தண்ணீரில் வாடை அடிக்கிறது என்றுதான் சீட்டுகள் இருக்கும். போன வாரம் ஒன்று, பென்சிலில், பெயர் இல்லாமல்: கழிவறையில் கடைசிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஏன், எதற்கு என்று யாரையும் கேட்கவில்லை. அன்று மதியமே ஆளைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போடச் சொன்னேன்.