இடைத்தங்கல்

பிப்ரவரி 15
கண் விழித்ததும் அப்பா தேதியைத்தான் கேட்டார். சொன்னேன். "ரெண்டு நாள்ல ஃபேரர் பார்க்" என்றார். 1942-இல் சிங்கப்பூர் விழுந்தது இன்று. 17-ஆம் தேதி இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாகப் பிரித்து, அந்த மைதானத்தில் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். சுமார் 45,000 பேர். அந்தக் கூட்டத்தில் தாத்தா. அப்பாவுக்கு அப்போது எட்டு மாதம்.

பிப்ரவரி 16
காய்ச்சல் இறங்கவில்லை.

பிப்ரவரி 18
ராத்திரி முழுக்க, ஜப்பானியரிடம் இருந்த போர்க்கைதிகள் வீட்டுக்குப் போட்ட தபால் அட்டை ஞாபகம்தான். வேறு யாருக்கோ வந்ததைப் புகைப்படத்தில் பார்த்தேன். எல்லாமே அச்சடித்த வரிகள். "என் உடல்நலம்" என்று போட்டு, பக்கத்தில் மிக நன்று, வழக்கம்போல், மோசம். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். பென்சில் கோடு ஒன்று, அவ்வளவுதான்! அதுகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தபால்காரர் தெருவைத் தாண்டிப் போகும்வரை பாட்டி திண்ணையை விட்டு எழமாட்டாளாம்.

போர்க்கைதிகளை நடத்தும் முறை பற்றிய 1929 ஜெனீவா உடன்படிக்கையிலேயே இருக்கிறது: முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் கைதி வீட்டுக்கு ஒரு அட்டை போட வழி செய்யவேண்டும். ஜப்பான் கையெழுத்துப் போட்டது, ஆனால் உறுதிசெய்யவில்லை.

பிப்ரவரி 19
சாயங்காலம் வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கட்டில் காலி. வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். ஒரு போன் செய்திருக்கலாம். இருபது நிமிடம் மாடி மாடியாக ஓடினேன். கை நடுக்கம் இப்போதுதான் நின்றது.

பிப்ரவரி 20
அந்த ஜெனீவா உடன்படிக்கையை 1949-இல் திருத்தி எழுதியபோது, பிரிவு 70-இல், "இடைத்தங்கல் முகாமாக இருந்தாலும்" என்று சேர்த்தார்கள். நோயுற்றாலும், மருத்துவமனைக்கோ வேறு முகாமுக்கோ மாற்றினாலும், மறுபடி அட்டை. நாலைந்து தடவை படித்தேன். நாலு நாள்தானே, அடுத்த இடத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்ட இடத்தில்தான் ஆட்கள் தொலைந்திருக்கிறார்கள். எங்கள் தாத்தா மாதிரி எத்தனை பேர் தொலைந்த பிறகு அந்த வார்த்தைகள் வந்தன!

இந்திய தேசிய ராணுவத்தில் சேராதவர்களில் பலரைக் கப்பலேற்றி நியூ கினி, நியூ பிரிட்டன் பக்கம் கொண்டுபோனார்கள். தாத்தாவும் அதில் போயிருப்பார் என்று அப்பா நம்புகிறார். சிங்கப்பூரில், கிராஞ்சி போர் நினைவிடச் சுவரில் பெயர் இருக்கிறது. கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் ஒன்று.

பிப்ரவரி 21
கஞ்சி நாலு ஸ்பூன்.

பிப்ரவரி 22
அப்பா பேனா கேட்டார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் கோணல்மாணலாக "நலம்" என்று எழுதி, "பாட்டிகிட்ட குடு" என்றார். சரிப்பா என்று வாங்கி வைத்துக்கொண்டேன். நாளை காலை ஸ்கேன்.