குஞ்சம் வைத்த சேவலும் பனெற் சதுரமும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் கோண்டாவில் வளவில் கழுத்தில் இறகில்லாத சேவல் ஒன்று நிற்கிறது. முழுமொட்டை இல்லை, முன்கழுத்தின் அடியில் சிறு இறகுக் குஞ்சம் உண்டு. அந்தக் குஞ்சம்தான் விஷயம். கழுத்திறகுக்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும், பிரதியின் வடிவத்துக்கு எதிருரு என்று பெயர். கழுத்தை மொட்டையாக்கும் எதிருரு ஒன்று மட்டும் இருந்தால் குஞ்சம் மிஞ்சும். இரண்டும் அதுவேயானால் அதுகூட இராது. மென்டலின் பட்டாணியில் நெட்டைச் செடிக்குள் ஒளிந்திருக்கும் குட்டையை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இங்கே கோழி கழுத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

சேவலோடு முதலில் சேர்த்தது கழுத்தில் இறகு மூடிய சாதாரணப் பேடு. கொப்பியில் பனெற் சதுரம், அதாவது தாய் தகப்பனின் எதிருருக்கள் குஞ்சில் எப்படிச் சேரும் என்று காட்டும் கட்டம், கீறினேன்: மொட்டை பாதி, மூடியது பாதி. (சதுரத்துக்குப் பெயர் தந்த பனெற்றும் மரபியலாளர் பேட்சனோடு சேர்ந்து கோழிக்கொண்டையை ஆராய்ந்தவர்தான்.) 10 முட்டை அடை வைத்தேன். 21ஆம் நாள் 8 குஞ்சு, 2 கூழ்முட்டை. கழுத்து பொரித்த அன்றைக்கே தெரியும். மொட்டை 1தான்! இவ்வளவு குறைவாக வர 100க்கு 4 தடவைகூட வாய்ப்பில்லை. அம்மம்மா கொப்பியைப் பார்க்கவேயில்லை. "உது வேலிக்கு அங்கால நிக்கிற சிவப்புச் சேவலின்ரை வேலை, தம்பி" என்றார்.

கிளுவை வேலியில் பொட்டு, கோழி நுழையும் ஓட்டை, இருந்தது. முட்டை பொறுக்கும் நாட்களில் பேட்டை அடைத்துத்தான் வைத்திருந்தேன், அது போதாது. பேடு ஒருமுறை சேர்ந்த விந்தை 2 கிழமை, சிலவேளை அதற்கும் மேல், உடலுக்குள் வைத்திருக்கும்.

சரி, பொட்டை அடைத்தேன். குஞ்சுகளைப் பிரித்த கையோடு பேட்டைச் சேவலோடு கூட்டில் விட்டு, 3 கிழமைக்குப் பிறகு வந்த முட்டைகளையே எடுத்தேன். முந்தி இட்ட நாலைந்தும் பொரியலுக்குப் போயின. இந்தமுறை 9 குஞ்சு: மொட்டை 5, மூடியது 4. பொரிக்க முன்னரே இன்னொரு வரியும் எழுதியிருந்தேன்: தாயிடமிருந்து எப்படியும் சாதாரண எதிருரு ஒன்று வரும், ஆகவே குஞ்சமில்லாத முழுமொட்டை பிறக்காது. இறகு முளைத்ததும் பார்த்தால் ஐந்துக்கும் குஞ்சம். எண்ணிக்கையைவிட இதுதான் எனக்குச் சந்தோஷம்.

பிறகு சித்தி வீட்டிலிருந்து குஞ்சம் வைத்த பேடு ஒன்று வந்தது, அதையும் 3 கிழமை காக்கவைத்தேன். சதுரம் சொன்னது கால், அரை, கால். வந்தது 7: மூடியது 1, குஞ்சம் 3, முழுமொட்டை 3. ஏழை வைத்துக்கொண்டு காலையும் அரையையும் அளக்க முடியாது.

அந்த முழுமொட்டைகளில் ஒன்று பேடு. அது முட்டையிடும் வயதுக்கு வந்ததும் எங்கள் சேவலை அடைத்துவிட்டு வேலிப்பொட்டைத் திறந்துவிடப் போகிறேன், இந்தமுறையும் 3 கிழமைக்குப் பிறகு வரும் முட்டைகளையே எடுப்பேன். கழுத்து மூடிய சிவப்புச் சேவலுக்குப் பிறந்தால் எல்லாக் குஞ்சுக்கும் குஞ்சம் இருக்கவேண்டும். ஒன்றாவது முழுமொட்டையாக வந்தால், யாரோ கூட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.